தாடி வைத்த பிளம்லி

"பத்து வயசுலயே ஊசி பிடிச்சவரு சார் பிளம்லி" என்று ஹாஜரா தொடங்கியதுமே, மேனேஜர் பொன்னுத்துரை அவள் காலை மிதித்தார்.

அவள் நிறுத்தவில்லை. பர்மாவின் ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையில் அவள் கவனித்துக்கொள்ளும் தையல் லைனுக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. சென்னையிலிருந்து வந்திருக்கும் இந்த ஏஜெண்ட் கோட்டு ஆர்டர் கொடுத்தால்தான் உண்டு. ஏஜெண்டின் கம்பெனியைத் தொடங்கிய விக்டோரியா காலத்துத் தையல்காரரின் கதையைச் சொல்லி அவரைக் குளிர வைப்பது என்று ஏற்பாடு. பொன்னுத்துரைக்குத் தமிழ் புரியும், பேச வராது. அதனால் ஹாஜரா.

"லண்டன்ல ஒரு சந்துல கடை போட்டாரு. மழையில நனையுற வண்டிக்காரங்களுக்குத்தான் முதல் கோட்டு."

ஏஜெண்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க! ஆமா, சுவத்துல தாடியோட யாரு?"

ஹாஜரா திரும்பினாள். மேனேஜர் நேற்று மாட்டிய படம். கீழே பர்மிய எழுத்தில் பெயர்: பிளம்டன்.

"ஹாஜரா, பிளம்லி இவரோட போட்டிக் கம்பெனிக்காரன்!" பொன்னுத்துரை பர்மிய மொழியில் முணுமுணுத்தார்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் வரும்போது போனில் தேடி மனப்பாடம் செய்தது வேறு ஆளை!

"அதுவும் பிளம்லிதான் சார். தாடி விட்டப்புறம் எடுத்த படம்."

"அவரு தாடியே விட்டதில்லையே?" ஏஜெண்டின் சிரிப்பு குறைந்தது.

"லண்டன் ஒத்துக்கல சார். லீட்ஸுக்குப் போயிட்டாரு. அங்க குளிரு. அதான் தாடி."

"லீட்ஸா?"

இறங்கியாகிவிட்டது, பெயரையும் மாற்றிவிட வேண்டியதுதான். "அங்க போயி பேரை மாத்திக்கிட்டாரு சார். பிளம்டன்னு."

ஏஜெண்ட் எழுந்தே விட்டார். "பிளம்டனா! என்னம்மா பேசுறீங்க?"

பையைத் தூக்கினார். பொன்னுத்துரை கண்ணை மூடிக்கொண்டார். ஹாஜரா கதவை மறித்து நின்று, மாதிரிக் கோட்டை நீட்டினாள்.

"அவரு கதையை விடுங்க சார். எங்க தையலைப் பாருங்க. கோட்டோட இந்தக் கையைப் பிடிச்சு இழுங்க. பிரிஞ்சா நானே உங்களைக் கார்ல ஏத்தி விடுறேன்."

கோபத்தோடு இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பிறகு கோட்டை உள்பக்கம் புரட்டி, பொத்தான் துளையை விரலால் தடவிப் பார்த்து, மெல்ல உட்கார்ந்தார்.

"கதை சொல்றதை மட்டும் இன்னியோட விட்டுடுங்கம்மா. குளிர்கால ஆர்டர் உங்களுக்குத்தான்."

ஹாஜரா மூச்சு விடுவதற்குள், அவரை அழைத்து வந்த டிரைவர் அப்பாசாமி வியர்க்க விறுவிறுக்க உள்ளே ஓடி வந்தார்.

"சார், உங்களைத் தப்பான கேட்டுல இறக்கி விட்டுட்டேன்! பிளம்லி கம்பெனிக்காரரு நீங்க போக வேண்டியது பக்கத்து ஃபேக்டரியாம். இங்க வர வேண்டிய பிளம்டன்காரரு வாசல்ல வந்து நிக்கிறாரு!"