முனிரத்தினத்தை அர்ச்சுனனாக்கியவன்

எங்கள் ஊரில் முதல் ஓட்டு வீடு என்னுடையது. நெல்லிவாசல்நாட்டுப் புளியை மூட்டை கட்டி, தரகரை நம்பாமல் போளூர் மண்டிக்கே நேராகக் கொண்டுபோய் இறக்கிய முதல் ஆளும் நான்தான். முதல் வாடகை ஜீப்பும் என்னுடையது. (அதற்குப் பிரேக் சரியில்லை என்று இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். பிரேக் சரியாக இருந்த ஜீப் எதுவும் அந்தக் காலத்தில் மலை ஏறியதில்லை. அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.) கோயிலுக்குச் சிமெண்ட் தரை போட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டினேன். தண்ணீர் வரவில்லை, அது பூமியின் குறை. இத்தனைக்கும் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் வாத்தியார் மலையேறி வந்த நாட்களில் மட்டும்.

ஆனால் நான் உருவாக்கியதிலேயே பெரியது வீடும் இல்லை, ஜீப்பும் இல்லை. ஒரு கூத்துக்காரன். அர்ச்சுனன் வேஷம் என்றால் முனிரத்தினம் என்று மலையடிவாரக் கீழ்நாடு முழுக்க இன்றைக்குச் சொல்கிறார்களே, அந்த முனிரத்தினம். அவனை அர்ச்சுனனாக்கியவன் நான். எப்படி ஆக்கினேன் என்பதில்தான் எனக்கும் என் குடும்பத்துக்கும் கருத்து வேறுபாடு.

எண்பதுகளின் தொடக்கம். என் அக்கா காளியம்மாளைப் பக்கத்து ஊர் மாணிக்கம் மாமாவுக்குக் கொடுத்து வெகுகாலம் ஆகியும் பிள்ளை இல்லை. அவள் மாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகனுக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டாள். மாணிக்கம் மாமா நல்லவர். அம்மா எது சொன்னாலும் 'ம்' கொட்டுவார் என்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. அந்த 'ம்'தான் அக்காவின் வாழ்க்கையைக் கெடுக்க இருந்தது.

மலைக்குக் கீழே சந்தவாசல் பக்கம் பாரதக் கூத்து நடக்கும்போது அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் வரும். ஓலை கழித்த பனைமரத்தை நட்டு, ஏறுவதற்குக் குறுக்குக் கட்டை அடித்திருப்பார்கள். அர்ச்சுன வேஷக்காரர் கட்டைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்குப் போய், அங்கிருந்து எலுமிச்சம்பழம் போடுவார். பிள்ளையில்லாத பெண்கள் ஈரச் சேலையோடு கீழே மடி ஏந்தி உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பழம் விழுந்தால் பிள்ளை உறுதி என்பது நம்பிக்கை.

அக்காவைக் கீழே அனுப்ப மாமியார் சம்மதிக்கவில்லை. இன்னொருவனாக இருந்தால் அக்காவை எப்படியாவது பனைமரத்திடம் கூட்டிப்போகப் பார்த்திருப்பான். நான் பனைமரத்தை அக்காவிடம் கூட்டிவந்தேன். லாரியில் கட்டி ஏற்றினேன். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திரும்பிய பிறகும் மரம் திரும்பாமல் நின்ற கதை தனி.

கூத்துச் செட்டு ஆட்களை என் ஜீப்பில் ஏற்றிவந்தேன். அர்ச்சுன வேஷக்காரர் கை நடுக்கமுள்ள பெரியவர்.

"பழத்த எந்தப் பக்கமா போடுவீங்க?" என்று கேட்டேன்.

"அது நம்ம கையில இல்லீங்க. சாமி கையில கீது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரம் என்னுடையது, லாரி என் ஏற்பாடு, பழம் மட்டும் சாமி கையிலா? குறி தவறினால் அக்கா கதி? அங்கேயே முடிவு செய்தேன். நானே ஏறி, நானே அக்கா மடியில் போடுவது.

கூத்து வாத்தியார் பதறிவிட்டார். "வெரதம் இருக்கணுங்க. பாட்டு தெரியணும்."

"வெரதம் இருக்கறேன். பாட்ட நீங்க கீழ நின்னு பாடுங்க, நான் வாய அசைக்கறேன்."

"மரம் ஏறணுமே."

"புளியமரத்துலயே வளந்தவன் நானு."

அப்போதும் அவர் தலையைச் சொறிந்தார். "கூத்து முடிஞ்சி ஊருக்கு எதுல போறீங்க?" என்று கேட்டேன். "உங்க ஜீப்லதான்," என்றார். "ஆமா," என்றேன். படிக்காதவன் பேச்சு இப்படித்தான், சுருக்கமாக இருக்கும். அவருக்குப் புரிந்தது.

தபசுக்கு ஏறும்போது கிரீடத்தையும், தோளில் கட்டும் மரச்சிறகையும் கழற்றிவிட்டுக் காவித்துணியோடு ஏறுவதுதான் முறையாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ராஜா வேஷம் கட்டிவிட்டுப் பரதேசி மாதிரி ஏறினால் ஜனம் மதிக்குமா?

பக்கத்தில் ஒரு மெலிந்த பையன் கண்ணாடியைப் பார்த்துப் பாஞ்சாலிக்கு மை தீட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் முனிரத்தினம். மீசை முளைத்த நாளிலிருந்து அதை மழித்துவிட்டுப் பெண் வேஷம்தான் கட்டிவந்தான். அர்ச்சுனன் கட்டுகிறேன் என்று வாத்தியாரிடம் கேட்கும்போதெல்லாம், "உன் இடுப்புக்குச் சேலதான்டா," என்பாராம்.

"அண்ணே, மேல காத்து தூக்கும். கிரீடத்தோட ஏறாதீங்க," என்றான்.

"நீ உன் கொசுவத்தப் பாரு," என்றேன்.

விடிந்து வெளிச்சம் பரவியது. மலையே திரண்டிருந்தது. மரத்தடியில் அக்கா மடி ஏந்தி உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளிப் பலாமரத்தடியில் மாமா, அவரை ஒட்டி மாமியார்.

ஏறினேன். கீழ்ப்பாதியை என்னைப் போல அழகாக ஏறியவர் யாரும் இருக்க முடியாது. மேல்பாதியில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. புளியமரம் என்றால் சுற்றிலும் கிளை. பயம் வந்தால் உட்காரலாம், யாராவது பார்த்தால் நாலு காய் உலுக்கி வேலை செய்வதுபோலக் காட்டலாம். பனைமரம் மொட்டை. பயந்தால் பயந்தது ஊருக்கே தெரியும்.

காற்று அடித்தது. கிரீடம் சரிந்து கண்ணை மறைத்தது. தோள்சிறகு, மரத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றில் போய் மாட்டிக்கொண்டது. நான் இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிப்பிடித்து, கண்ணை மூடிக்கொண்டேன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

வாத்தியார் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார். கூத்துக்குக் கோமாளியாக வரும் கட்டியக்காரன்தான் சமாளித்தான். "பாருங்க சனங்களே! அர்ச்சுன மகாராசா அஞ்சு பொறியும் அடக்கி ஆடாம அசையாம தபசு பண்றாரு!"

"உதடு துடிக்குது பாரு, மந்திரம் சொல்றாரு!" என்றது ஒரு குரல். உடனே குலவை. கற்பூரம். (நான் சொல்லிக்கொண்டிருந்த மந்திரம், "யாராச்சும் ஏணி கொண்டாங்கடா.")

அக்கா எழுந்துவிட்டாள். "மந்திரமும் இல்ல, மண்ணும் இல்ல! அவன் பயந்துக்கினு கீறான்! சின்னதுலயே பரண்மேல ஏறிட்டு இப்பிடித்தான் நின்னான். டேய் வெள்ளையா, கீழ பாக்காதடா!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் மரம் ஆடியது. மாமியார் இதற்காகத்தான் காத்திருந்தவள் போல, "பழம் வுழாத மரத்தடியில இன்னா வேல? வாடா வூட்டுக்கு. ஆவ வேண்டியத பாப்போம்," என்று மகனின் கையைப் பிடித்தாள். மாமா 'ம்' என்றார். அந்த 'ம்' மரத்து மேலிருந்த எனக்கே கேட்டது.

அப்போதுதான் கீழிருந்து ஒரு பெண் குரல். கணவனைத் தேடி வனம் வந்தேன் என்று, எந்தக் கூத்திலும் இல்லாத பாட்டு. கண்ணைத் திறந்து பார்த்தால், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாஞ்சாலி மரமேறி வருகிறாள். ஒரு அடி பாட்டு, அடுத்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு பேச்சு.

"அண்ணே, கிரீடத்த வுடுங்க."

"கிரீடம் போனா மானம் பூடும்டா."

"மானம் எறங்கி ரொம்ப நேரம் ஆச்சுண்ணே. நீங்கதான் இன்னும் எறங்கல."

தோள்சிறகைக் கயிற்றிலிருந்து விடுவித்தான். கிரீடத்தைக் கழற்றினான். வைக்க இடமில்லாமல், தன் சவுரிமுடி மேலேயே கவிழ்த்துக்கொண்டான். அந்த நிமிஷம் அவன் தொண்டை மாறியது. பெண் குரல் போய், மிச்சமிருந்த அர்ச்சுனன் பாட்டு முழுவதும் ஆண் குரலில் கிளம்பியது. மலை எதிரொலித்தது. கீழே வாத்தியாருக்குத் தாளம் நின்றுவிட்டது.

"பழத்த போடுங்கண்ணே."

"கைய எடுக்க முடியலடா."

"சரி, நான் போடறேன். அக்கா எந்தப் பக்கம்?"

என் இடுப்புத்துணியிலிருந்து பழத்தை எடுத்து, மறுபடி மடி ஏந்தி உட்கார்ந்திருந்த அக்காவை அவன் சரியாகத்தான் குறி பார்த்தான். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு, பழத்தை வேறொருவன் போடுவதா? ஒரு கையை விட்டு அவன் முழங்கையைப் பிடித்து, "கொஞ்சம் இப்பிடி," என்று திருப்பினேன். பழம் அக்காவைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்த மாணிக்கம் மாமாவின் பிடரியில் 'டொக்' என்று விழுந்தது.

மாமா திரும்பினார். காலடியில் பழம். மரத்து மேலே கிரீடம் வைத்த பாஞ்சாலி. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சாமி கூப்புடுது, நீ எங்க போற?" என்றது கூட்டம்.

மாமா பழத்தை எடுத்தார். மாமியார், "அத அங்கியே போடுடா," என்றாள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக 'ம்' சொல்லவில்லை. நேராக வந்து, எல்லோரும் பார்க்க அதை அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் கல்யாணப் பேச்சு அந்த மரத்தடியோடு முடிந்தது.

நான் இறங்கிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஞ்சாலியின் முதுகில். கழுத்தைக் கட்டிக்கொண்டு.

அன்றைக்கே ஜீப்பில் இறங்கும்போது, அடுத்த ஊரில் அர்ச்சுனன் நீதான் என்று வாத்தியார் முனிரத்தினத்திடம் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவன் கட்டாத ராஜா வேஷம் இல்லை, வாங்காத மாலை இல்லை. டெல்லிக்குக்கூடப் போய் ஆடிவிட்டு வந்தான். அக்காவுக்கும் ஒரு பெண் பிறந்தது, பொன்னி. வேலூர் டாக்டர் வைத்தியம் என்பார் மாமா. 'என் வேண்டுதல்' என்று சொன்னாள் மாமியார். 'என் பாட்டு' என்பான் முனிரத்தினம். என்னை மட்டும் யாரும் சொன்னதில்லை. எனக்குக் கிடைத்தது வேறு. மலைப்பாதையில் பஸ் நின்றுபோனால், "வெள்ளையன் மாமா தபசுல கீறாரு," என்று எங்கள் வீட்டுக் குழந்தைகள்வரை சொல்கின்றன.

அந்தப் பொன்னி இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். முனிரத்தினத்தின் நடிப்பு வாழ்க்கையைப் புத்தகமாகவே போட்டிருக்கிறாள். போன வாரம் எனக்குப் படித்துக் காட்டினாள். அதில் ஒரு ஜப்பான்காரர் வருகிறார். இருநூறு வருஷத்துக்கும் முந்தி, கபுகி என்று அவர்கள் ஊர்க் கூத்தில் பெண் வேஷம் கட்டியே பேர் வாங்கியவராம். வீட்டில்கூடப் பெண்ணைப் போலவே நடந்து பழகினாராம். நல்ல கட்டம் வந்தால் அங்கே ஜனம் நடிகனின் குடும்பப் பேரைச் சொல்லிக் கூவுமாம். நல்ல ஜனம். அவருக்குப் பக்கம் பக்கமாக இடம். மரம் ஏறிய கதைக்கு ஒரே வரி: 'உள்ளூர் ஆர்வலர் ஒருவர் மரத்தில் சிக்கிக்கொண்டதால் முனிரத்தினத்துக்கு வாய்ப்புக் கிடைத்தது.'

"ஏம்மா, அந்த ஜப்பான்காரரு நம்ம மலைக்குப் பனமரம் ஏத்தினாரா?"

"அது ஒப்பீடு மாமா."

"அப்ப ஆர்வலருக்குப் பேர் இல்லியா?"

"உங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னுதான் போடல."

யாருக்குக் கூச்சம்? நான் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கியிருந்தால் முனிரத்தினம் இன்றைக்கும் கொசுவம் மடித்துக்கொண்டிருப்பான். பழம் குறி தவறாமல் விழுந்திருந்தால் உன் அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், நீ புத்தகம் எழுத இருந்திருக்க மாட்டாய். அடுத்த பதிப்பில் தெளிவாகப் போடு, பொன்னி: நெல்லிவாசல்நாடு, சடையன் மகன் வெள்ளையன். 'சிக்கிக்கொண்டார்' என்பது அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. சிக்கிக்கொண்டது யார் என்று உலகத்துக்குத் தெரிய வேண்டும்.