மகளின் இண்டர்வியூவில் நான் பாஸானேன்

பெற்ற பிள்ளையிடம் குறை காணத் தெரியாத அப்பனை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இண்டர்வியூவில் மட்டும் உட்கார வைக்கக் கூடாது. பிள்ளைகளே, நாளைக்கு நீங்களும் வேலை தேடப் போகிறவர்கள். உங்கள் அப்பாவும் என்னைப் போல ஆர்வக்கோளாறாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் கௌசல்யா திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு டிசைனர் வேலை தேடிக்கொண்டிருந்தாள். நானோ ஒன்பதாவதோடு நின்று மரவள்ளி போடுகிறவன். டிசைன் என்றால் அம்மாபேட்டைச் சேலைக் கரைதான் எனக்குத் தெரியும். அவள் பொறுமையாக விளக்கினாள். செல்போனில் எந்தப் பொத்தான் எங்கே இருந்தால், ஒருவர் யாரையும் கேட்காமல் தன் வேலையை முடிப்பார் என்று யோசித்து வரைகிற வேலையாம் அது. அழகாக வரைந்தால் மட்டும் போதாதாம். ஆட்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கூட இருந்து பார்க்க வேண்டும், ஏன் என்று கேட்க வேண்டும், கேட்டபடி மாற்ற வேண்டும். கம்பெனிக்காரர்கள் தேடுவது அந்தப் பழக்கத்தைத்தான் என்றாள். (எனக்கு 'அழகாக' என்பது வரைக்கும்தான் காதில் ஏறியது.)

பல இடங்களில் கேட்டும் கிடைக்காமல், கடைசியில் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டாள். இதுவும் போனால் ஜாதகத்தை எடுத்துவிடுவது என்று என் மச்சான் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசிச் சுற்று வீட்டிலிருந்தே வீடியோவில். போர்வெல் போட ரிக் வண்டி புக் செய்வதற்கு அவள் ஓர் ஆப் வரைந்திருந்தாள். அதை இதற்கு முன் பார்க்காத ஒரு விவசாயி அவர்கள் முன்னால் பயன்படுத்த வேண்டும், அவள் சொல்லித்தரக் கூடாது. அதுதான் பரீட்சை. என்னைவிட்டால் விவசாயிக்கு எங்கே போவாள்?

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடோணுங்ப்பா. நீங்க தடுமாறுனாத்தான் எனக்கு நல்லது," என்றாள்.

தடுமாறினால் நல்லதாம். பிள்ளைக்குப் பயத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் சார்ஜில் கிடந்த அவள் போனை எடுத்து, வண்டி புக் செய்யும் வழியை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. லேப்டாப்புக்கு முன்னால் ஒரு தட்டில் மிக்சரும் லட்டும் வைத்தேன். (வந்தவங்களைச் சும்மா உக்கார வைக்க முடியுங்களா?) கௌசல்யா அதைப் பார்த்தாள். தட்டை நகர்த்துவதற்குள் அந்தப் பக்கம் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஒரு அம்மாவும் ஒரு தம்பியும். அந்த அம்மா தமிழில் பேசினார். ஒரு வண்டி புக் பண்ணுங்க ஐயா என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அந்தப் போனில் புக் செய்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அசந்துபோய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"சரிங்க ஐயா, இப்போ அதை வேற நாளுக்கு மாத்துங்க."

இது நான் படித்த பாடத்தில் இல்லை. மேலே தேடினேன், கீழே தேடினேன். மணி போல ஒன்று இருந்தது, அதைத் தொட்டேன். பெருக்கல் குறி போல ஒன்று இருந்தது, அதையும் தொட்டேன். புக்கிங் ரத்து ஆகிவிட்டது என்று வந்தது. என் விரல் பட்ட இடமெல்லாம் பெங்களூரிலும் தெரிகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"மாத்தியாச்சுங்க," என்றேன்.

கௌசல்யா என்னைப் பார்த்துக் கேட்டாள். "அப்பா, எங்கயாச்சும் தேடுனீங்களா?"

"தேடவே இல்லை சாமி. கண்ணுக்கு முன்னாலயே இருந்துச்சு."

எது கஷ்டமாக இருந்தது என்று அந்த அம்மா கேட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எந்த அப்பன் குறை சொல்வான்? "ஒண்ணுமே கஷ்டமில்லைங்க. எம் புள்ள செஞ்சா எதுவுமே சுத்தமா இருக்குமுங்க. ஊட்டு வேலையும் நல்லாச் செய்யும், சொன்ன சொல்லுத் தட்டாதுங்க," என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி சாந்தாமணி நெற்றியில் அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது.

அந்த அம்மா என் மகள் பக்கம் திரும்பினார். "கௌசல்யா, இப்போ பார்த்ததை வச்சு நீங்க எதை மாத்துவீங்க?"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.

"எதுவும் மாத்த வேண்டியதில்லைங்க மேடம். அப்பா சரியாத்தான் செஞ்சாருங்க."

முடிந்ததும் நான் தட்டிலிருந்த லட்டை எடுத்து அவள் வாயில் ஊட்டப் போனேன். அப்போதுதான் சொன்னாள், நான் தொட்டதெல்லாம் அவர்களுக்கும் தெரிந்தது என்று.

"அப்ப ஏஞ்சாமி சரியாச் செஞ்சேன்னு சொன்னே?"

"அவங்க முன்னால உங்களை எப்படிங்ப்பா..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

பதில் வந்தது. வரைந்தது நன்றாக இருக்கிறது, ஆனால் ஒருவர் கண்ணெதிரே தடுமாறும்போது அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் இன்னும் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கு அந்தப் பழக்கம் இருந்தது, பிள்ளைகளே. என் மானம் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

மச்சான் ஜாதகத்தை எடுக்க வந்தார். அன்றைக்குத்தான் அவரிடம் முதல் தடவையாக முடியாது என்றேன். கௌசல்யா இப்போது சேலத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறாள். லீவு நாளில் ஆப் வரைகிறாள், இன்னும் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தாலும் சரி, மோட்டார் ஓடாவிட்டாலும் சரி, யாராவது ஒருவர் "ஒண்ணுமே கஷ்டமில்லைங்க" என்பார். எல்லோரும் சிரிப்போம். மச்சான் வீடு வரைக்கும் அது பரவிவிட்டது.

புதிதாக எது வரைந்தாலும் அவள் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கொடுக்கிறாள். "இதென்ன, எழுத்து எறும்பு மாதிரி இருக்குது, எவ படிப்பா?" என்று சாந்தாமணி திட்டுகிறாள். "சொல்லுங்ம்மா, அப்புறம்?" என்று இவள் சந்தோஷமாகக் குறித்துக்கொள்கிறாள். நான் ஹாலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் இதுவரை கொடுக்கவில்லை.