அப்ஜெக்‌ஷன் நைனாவும் சுண்ணாம்பு வீடுகளும்

நடக்கிற காரியத்தை நடுவில் நிறுத்துவதற்கென்றே ஆண்டவன் ஒரு வலது கையைப் படைத்தான். அதைத் திருத்தணியில் அப்ஜெக்‌ஷன் நைனாவின் தோளில் மாட்டி அனுப்பினான். அந்தக் கை மேலே போனால் கூட்டம் நிற்கும், ஊர்வலம் நிற்கும், ஒரு தடவை ரயில்வே கேட்டே பாதி இறங்கி நின்றது என்பார்கள். நான் நேரில் பார்க்கவில்லை, ஆனாலும் நம்புகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆந்திரா பக்கம் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி ஊரே அவரை நைனா என்றது. முன்னால் இருக்கிற பட்டம் அவராக உழைத்துச் சம்பாதித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தவர், அதை மூடிவிட்டு முழு நேரமும் ஆட்சேபிக்க வந்துவிட்டார்.

எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஐயர் கெட்டிமேளம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தாலியோடு குனிந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பந்தலின் கடைசி வரிசையில் கை எழுந்தது. மேளம் நின்றது. பெண் வீட்டாருக்கு உயிரே போய்விட்டது.

"ஒரு நிமிசம்ங்க. ஃபேனு மாப்ள பக்கமே காத்து அடிச்சிகினு கீது. பொண்ணுக்கு வேர்த்து ஊத்துது பாருங்க. திருப்பி வையுங்க" என்றார் நைனா.

ஃபேனைத் திருப்பிய பிறகுதான் தாலி ஏறியது. அந்தப் பெண் இன்றைக்கும் அவரைத் தெய்வம் என்கிறாள், மாப்பிள்ளை வேறு வார்த்தை சொல்கிறார்.

எல்லா ஆட்சேபணையும் இப்படி ஜெயிக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் தோற்றுத்தான் போவார். புதிதாகப் போட்ட வேகத்தடை உயரம் ஜாஸ்தி, வண்டியின் வயிறு தட்டும் என்று நிரூபிக்க அதன்மேல் தானே குப்புறப் படுத்துக் காட்டினார். தட்டியது வேகத்தடையின் உயரத்தாலா, அவருடைய தொப்பையாலா என்று யாராலும் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் பஸ் நின்றதுதான் மிச்சம்.

இப்பேர்ப்பட்ட மனிதர் என் அம்மாவின் வீட்டுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

அம்மா அப்போது சென்னையில் என்னோடு, எட்டாவது மாடியில் இருந்தாள். வேளைக்குச் சாப்பாடு, மருந்து, டிவி, எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ஜன்னல் ஓரம் நின்று, "இங்க சண்ட போடக்கூட ஆளில்லடா" என்பாள். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். எங்கள் பழைய வீடு எப்போதோ கைமாறிவிட்டது. தனியாக விட எனக்கும் மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், ஊரே டீச்சரம்மா என்று கூப்பிடுகிறவர், கனகம்மாசத்திரம் போகிற ரோட்டில் இருந்த தன் நிலத்தில் ஒரு கட்டடம் போடத் திட்டம் வைத்தார். மாடிகளில் வயதானவர்களுக்குச் சின்னச் சின்ன வீடுகள். கீழே டீக்கடை, டிபன் கடை, பூக்கடை, மெடிக்கல், ஒரு டாக்டர் அறை. மதில் சுவர் கிடையாது. செய்தி காதில் விழுந்த அன்றே அம்மா பெயர் கொடுத்துவிட்டாள்.

அது வீடுகள் மட்டும் கட்டலாம் என்று வகுத்த இடம். கடைகளும் வருவதால், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள். திருத்தணியில் இப்படி ஒரு விளம்பரம் போடுவது நைனாவுக்குப் பத்திரிகை வைத்து அழைப்பதற்குச் சமம். ஊரிலிருந்து வந்த ஒரே ஆட்சேபணை அவருடையதுதான்.

"கீழ கட, மேல கெழவன் கெழவிங்க. எப்படிம்மா தூங்குவாங்க?" என்று டீச்சரம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார். "வூடு கட்டு, வாணான்னு சொல்லல. கட மட்டும் வாணாம்."

கடை வாடகை இல்லாமல் அந்தத் திட்டம் ஓடாது என்று டீச்சரம்மாவுக்குத் தெரியும். கடை போனால் கட்டடம் போச்சு, அம்மாவுக்கு எட்டாவது மாடிதான் கதி. நான் ஊருக்குப் போய் நைனாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், ஆட்சேபணையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு பெண்மணி, பொறுமைசாலி. அவரிடம் நைனா, "எழுதிக் குடுத்தா புரியாதுங்க மேடம். வாழ்ந்து காட்டணும். இடத்துக்கு வாங்க, காட்றேன்" என்றார்.

போய்ப் பார்த்தால் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு! கொத்தனாரை வைத்து வரைபடத்தில் இருந்த அத்தனை வீட்டையும் முழு அளவில் தரையில் போட்டிருந்தார். கடைகளில் டீ பாய்லர், கிரைண்டரோடு கடைக்காரர்களும் நின்றார்கள். கடைகளுக்குப் பக்கத்திலேயே மாடி. மேலே போட முடியாதே! பெயர் கொடுத்தவர்களை எல்லாம் வரவழைத்து, ஆளுக்கொரு கயிற்றுக்கட்டில் போட்டு அவரவர் அறையில் உட்காரவைத்திருந்தார்.

மேடம் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார்.

"சொவுத்துல நடக்காதீங்க மேடம்! வாசல் அந்தாண்ட கீது!" என்று அலறினார் நைனா. மேடம் பயந்துபோய், இல்லாத வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு குனிந்து வேறு வந்தார்.

அதற்குள் அம்மாவுக்கும் பக்கத்து அறை ரிட்டையர்டு நர்சுக்கும் தகராறு. "உங்க கட்டில் காலு என் சொவுத்த தாண்டி வந்துகினு கீது, பாருங்க" என்று அம்மா குரலை உயர்த்தினாள். "ஆங், உங்க சொவுரா? ஊதினா பறக்குது!" என்றார் நர்ஸ். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"ஆங், இப்ப மத்தியானம்னு நெனச்சுக்கோங்க. எல்லாரும் படுங்க. கண்ண மூடுங்க" என்றார் நைனா. மூடினார்கள். உடனே கடைப்பக்கம் கை காட்டினார். கிரைண்டர் ஓடியது. நாலைந்து பேர் ஸ்கூட்டர் ஹாரனை அழுத்தினார்கள். ஒருத்தரும் அசையவில்லை, பாதிப் பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசி அஸ்திரத்தை எடுத்தார். காவடி சீசன் இல்லாமல் சும்மா இருந்த திருவாலங்காட்டுப் பம்பை மேளக்காரர்களைக் கூட்டி வந்து மறைவில் நிறுத்தியிருந்தார்.

"அடிங்கபா!"

சத்தம் தொந்தரவு என்று நிரூபிக்க உலகத்தில் எதை வேண்டுமானாலும் கொண்டு வரலாம், திருத்தணியில் பம்பையைக் கொண்டு வரலாமா? முதல் அடி விழுந்ததும் கட்டில்கள் எல்லாம் காலி. கும்பிட்ட கைகளோடு எல்லோரும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். நர்சுக்குச் சாமியே வந்துவிட்டது. டீக்கடைக்காரர் கற்பூரத்துக்கு ஓடினார். மேடம் செருப்பைக் கழற்றிச் சுவருக்கு வெளியே வைத்தார்.

நைனா பதறிப்போய் நிறுத்தச் சொல்லி வலது கையைத் தூக்கினார். பம்பை இன்னும் ஓங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இடது கையும் தானாக மேலே போனது. இரண்டும் தலைக்கு மேல் சேர்ந்தன. "அரோகரா!" என்று எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தியது அவர்தான்.

எல்லாம் அடங்கிய பிறகு, "நைனா, அப்ஜெக்‌ஷனை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?" என்று மேடம் சிரிக்காமல் கேட்டார்.

நைனா டீ பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எங்க வூட்டுக்காரி ஒடம்பு சரியில்லாம படுத்துகினு இருந்தாங்க மேடம். கீழ வெல்டிங் பட்டற. மத்தியானத்துல கொஞ்சம் கண்ணசந்தா போதும்னா. நிறுத்துங்கபான்னு போய்க் கேக்க எனக்குக் கூச்சம். பொழைக்கிறவங்க கிட்ட எப்படிங்க கேக்கிறது? கேக்காமலே வுட்டுட்டேன். அவளும் தூக்கமில்லாமலே செத்துப் பூட்டா. அப்புறமாத்தான் இந்தக் கையத் தூக்கக் கத்துகினேன்" என்றார்.

டீச்சரம்மாதான் அவர் பக்கத்தில் போய் நின்றார். "அப்ப மத்தியானம் சாத்திடலாம் நைனா. ஒண்ணுலருந்து நாலு வரைக்கும். மெடிக்கல் மட்டும் தெறந்திருக்கட்டும்."

நைனா எழுந்து வேட்டியில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். "ஆங், அப்படின்னா சரிங்க" என்றார். அவர் வாயிலிருந்து 'சரி' வந்து நாங்கள் கேட்டது அன்றுதான். அந்த நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கட்டடமும் எழுந்தது, அம்மாவும் குடிபோனாள்.

போன வாரம் ஏதோ அவசரம் என்று மதியத்தில் அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தது நைனா. அவர் தினமும் ஷட்டர் இறங்கியதும் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அம்மாவும் போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாளாம்.

"தூங்கிகினு கீறாங்கபா. நாலு மணிக்கு மேல பேசு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பெற்ற பிள்ளை நான், போனை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவை அங்கே விட்டு வந்த உறுத்தல் அன்றைக்குத்தான் என்னை விட்டுப் போயிற்று.