கருப்பராயன் வந்த மூன்று மணிக் காட்சி

படிக்காதவர்கள் குழியில் விழுந்தால் அது விபத்து. படித்தவர்கள் விழுவதற்கு முன்பே அந்தக் குழியின் ஆழத்தையும் அகலத்தையும் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியிருப்பார்கள். நான் இரண்டாம் வகை. நாட்டார் வழிபாடு பற்றி முதுகலையில் ஒரு முழுத்தாள் எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் பெற்றவள். (அந்த விடைத்தாளை எங்கள் குலதெய்வம் கருப்பராயனே திருத்தியிருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன்.)

எங்களுக்கு மலையாள நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு. அங்கிருந்து பேருந்தில் அரைமணி நேரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. ராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் போக, அங்கே ஒரு குளிரூட்டிய அரங்கில் தினமும் மூன்று மணிக்குப் பேய்களின் பாட்டுக் கச்சேரி நடக்கும். பட்டப்பகலில் பேய்களைப் பணிக்கு வரச் செய்த முதல் நிறுவனம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கச்சேரிக்கென்று ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் அது முழு வெளிநாட்டுச் சரக்கு. சவப்பெட்டியிலிருந்து எழும் ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், துணி சுற்றிய பிணம் என மூவரும் கித்தாரை மாட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுக்கு வாயசைப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வந்த குடும்பங்கள் வெயிலுக்குப் பயந்து உள்ளே நுழைந்து, குளிருக்கு நன்றி சொல்லித் தூங்கின. ஒருநாள் ஓநாய் மனிதன் ஊளையிட்டபோது முன்வரிசைக் குழந்தை ஒன்று, "அம்மா, அந்த நாய்க்குப் பசிக்குது" என்றதாம். அதைக் கேட்ட மேலாளர் சந்திரேட்டன் அன்றே முடிவெடுத்தார்: நம் ஊர்ப் பேய்கள் வேண்டும், நம் மொழியில் பாட வேண்டும். மலையாளத்துக்கு ஆள் கிடைத்தது. தமிழுக்குப் பாட்டெழுதவும் பாடவும் விளம்பரம் செய்தார்கள். போனேன். எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டது என் குரலை மட்டும்தான் என்பது பிறகு புரிந்தது. ஆறடி உயரமும் இடுப்புவரை கூந்தலும் கொண்ட ஷீபா வெள்ளைச் சேலையில் யட்சிப் பேயாக நின்று வாயசைப்பாள். நான் திரைக்குப் பின்னால் ஒட்டுப்பலகை அறைக்குள் உட்கார்ந்து பாடுவேன். கைதட்டல் அவளுக்கு; புழுக்கம் எனக்கு. ஆனாலும் அந்த அறையில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இருபத்துமூன்று வயதில் தினமும் ஒரு முறை, முந்நூறு பேர் மூச்சடக்கும் சத்தத்தைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் கேட்ட எந்தப் பாராட்டும் அந்த மௌனத்துக்கு ஈடாகவில்லை.

அப்பா எனக்கு ஓராண்டு தவணை கொடுத்திருந்தார். அது முடிகிற நேரத்தில்தான் சந்திரேட்டன், பூங்காவின் கச்சேரிக் குழுவில் என்னை நிரந்தரப் பாடகியாக்குவதாகச் சொன்னார். மேடையில் என் முகம், வாசல் பலகையில் என் பெயர். அப்பாவிடம் கேட்டேன்.

"நானென்ன அம்மிணி சொல்றது? அக்கா வந்து பாக்கட்டும். அக்கா செரின்னா செரி. இல்லாட்டிப் பேசாம பி.எட். படி."

அக்கா என்பது என் அத்தை மயிலாத்தாள். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவர். பள்ளிக் கலோத்சவங்களில் நான் பாடும்போது மண்டபத்தின் கடைசியில் நின்று, என்னோடு சேர்ந்து உதடசைப்பார். அவர் உதடு நின்றால் நான் வரியை மறந்துவிட்டேன் என்று பொருள். ஆகவே அவர் வருவதில் எனக்குப் பயமே இல்லை. அவரை அசத்திவிட வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது.

கச்சேரியின் தாளம் பதிவு செய்யப்பட்ட தகர டப்பா ஒலி. அதை அத்தையின் காதுக்குக் கொடுக்க மனமில்லை. எங்கள் கருப்பராயன் கோயிலில் உடுக்கையடிக்கும் ஆறுச்சாமி அண்ணனை அந்த ஒரு காட்சிக்கு அழைத்தேன். வெறும் உடுக்கையும் போதவில்லை எனக்கு. நோம்பித் திருவிழாவில் சாமியை அழைக்கும் அந்த அடியேதான் வேண்டும் என்றேன். உண்மைத்தன்மை! (அந்த வயதில் இந்தச் சொல்லை நான் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வேன்.)

அண்ணன் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "அந்த அடி சும்மா அடிக்கறதில்லீங்க அம்மிணி. கூப்புட்டா வழியனுப்போணும். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் குடுத்து, மலையேத்தி உடோணும். அதுக்கே கால்மணி நேரம் ஆவும்."

கச்சேரி மொத்தமே இருபது நிமிடம். அரங்கில் தீப்பெட்டிக்கும் தடை. நான் சிரித்துக்கொண்டே, என் வாழ்நாளின் மிக மோசமான வாக்கியத்தைச் சொன்னேன்:

"பயப்படாதீங்கண்ணா. டிக்கெட் இல்லாம இங்க ஆரும் உள்ள வர முடியாது. சாமியா இருந்தாலும்."

ஒவ்வோராண்டும் நோம்பியில் அத்தைக்கு அருள் வரும். குழந்தையிலிருந்து பார்த்தவள்தான். ஆனால் அருள் என்பது கோயிலில் மட்டுமே வரும் என்று, நிறுத்தத்தில் மட்டுமே நிற்கும் பேருந்தைப் போல, நம்பியிருந்தேன்.

அத்தை பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை ஷீபாவுக்கு விடுப்பு; யட்சி வேடம் எனக்கு. வெள்ளைச் சேலை என் உயரத்துக்கு ஒரு முழம் நீளம். குத்திக் குத்திச் சுருக்கினார்கள். சவுரி முழங்காலைத் தொட்டது. கோரைப்பற்களை மேல்வரிசையில் ஒட்டியபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது: கோரைப்பல்லோடு ழகரம் வராது. தமிழ் முதுகலைப் பட்டதாரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. நானே எழுதிய பாட்டில் ழகரம் ஒன்பது இடங்களில் இருந்தது.

நான் கொடுத்த இலவச அனுமதிச் சீட்டில் அப்பாவும் அத்தையும் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அத்தை பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. காலையில் பலகாரம் சாப்பிடும்போதே, "அந்த வெள்ளச்சீலையக் கட்டீட்டுத் தலைய விரிச்சுப்போட்டு ஊரு முன்னால நிக்கோணுமா கண்ணு?" என்று கேட்டிருந்தார். பாட்டைக் கேட்டதும் மாறிவிடுவார் என்று பதில் சொல்லியிருந்தேன்.

மாறினார்தான்.

முதல் சரணம்வரை அவர் உதடு என்னோடு அசைந்தது. பிறகு ஆறுச்சாமி அண்ணன் உடுக்கையை எடுத்தார். முதல் சுற்றில் அத்தையின் உதடு நின்றது. நான் வரியை மறந்துவிட்டேனோ என்று பதறினேன். இரண்டாம் சுற்றில் தோள் குலுங்கியது. மூன்றாம் சுற்றில் கொண்டை அவிழ, அரங்கமே அதிரும்படி ஒரு குரல் எழுந்தது. நான் ஓராண்டு பாடியும் எட்டாத சுருதி அது.

கூட்டம் கைதட்டியது. நூறு கைப்பேசிகள் உயர்ந்தன. அத்தை படிகளை விட்டுவிட்டு நேராக மேடையில் ஏறினார். ஓநாய் மனிதனாக நின்ற விஜயன் பக்கத்துச் சித்தூர்க்காரன், நிலைமை உடனே புரிந்து, ஓநாய்த் தலையைக் கழற்றி வைத்துவிட்டுச் "சாமீ!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ரத்தக்காட்டேரி திரும்பச் சவப்பெட்டிக்குள் படுத்து மூடியைச் சாத்திக்கொண்டது. பக்கத்திரையிலிருந்து சந்திரேட்டன் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்:

"இது ஸ்கிரிப்டில் உண்டோ?"

அத்தையின் வாயிலிருந்து வேறொரு குரல் வந்தது. "ஆருடா என்னயக் கூப்புட்டது?"

ஆறுச்சாமி அண்ணன் உடுக்கையை நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல், மோவாயால் என்னைக் காட்டினார். ஓநாய் படுத்தபடியே என்னைக் காட்டியது. துணி சுற்றிய பிணமும் கையை நீட்டியது. மூன்று தலைமுறையாக எங்கள் குலத்தைக் காக்கும் தெய்வத்தின் முன்னால், யட்சி வேடத்தில், பிளாஸ்டிக் பல்லோடு நான் மட்டும் நின்றேன்.

"எதுக்குக் கூப்புட்டே? நோம்பியா? நோவா? களவு போச்சா? மழை இல்லியா?"

தெய்வத்திடம் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. மூன்று மணிக் காட்சிக்கு என்று எப்படிச் சொல்வது? நிலைமையைச் சரிசெய்ய நினைத்த சந்திரேட்டன் உள்ளே எட்டிப் பார்த்துப் பணிவாகச் சொன்னார்: "சும்மா விளிச்சதாணு சாமி."

"சும்மாவா?"

அந்த ஒரு சொல்லில் குளிரூட்டியே நின்றுபோனதாக நினைத்தேன். (நிற்கவில்லை. எனக்குத்தான் வேர்த்தது.) அத்தையின் கை என் கழுத்தைத் தொட்டது. நெரிக்கவில்லை, கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவுவதுபோல் தடவியது.

"கூப்புட்ட தொண்டை இனி என்னுது. என்ர வாசல்ல பாடு. வேற எடத்துல வாயத் தொறக்காதே. இந்த வெள்ளச்சீலைய அவுத்துப்போடு!"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மேடையேறி விழுந்துவிட்டார். "உத்தரவுங்க சாமி."

என் வழக்கு விசாரணை அவ்வளவுதான்.

மலையேற்றுவதற்கு உணவகத்தில் சோடாவுக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம் வந்தது. சூடம் கொளுத்தத் தடை என்பதால் அத்தையை வாகன நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார்கள். முந்நூறு பேரும் பின்னால் வந்தார்கள். நான் சவுரியையும் சேலை நுனியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசியில் நடந்தேன். போகிற வழியில் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அந்த வயசான அம்மா நடிப்பு பிரமாதமுங்க. வெள்ளச்சீலை கட்டுன புள்ளைதான் நின்னுட்டே இருக்குது, ஒண்ணுமே பண்ணுல."

மலையேறிய பின் அத்தை ஒரு சோடாவை முழுதாகக் குடித்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆட்டம் எப்பக் கண்ணு ஆரம்பிக்கும்?"

மனிதர்கள் மறுத்தால் கெஞ்சலாம், சண்டை போடலாம், ஒரு வாரம் சாப்பிடாமல் இருக்கலாம். நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். அத்தை ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் சொன்னார். "சாமி உத்தரவு. நானென்ன கண்ணு பண்ணட்டும்? எனக்கொண்ணும் நெனப்பே இல்லை." தீர்ப்பு இருந்தது; தீர்ப்பளித்தவர் இல்லை. கருப்பராயனுக்கு வெள்ளைச்சேலை மேல் என்ன கோபம், அது எப்படிக் காலைப் பலகாரத்தின்போது அத்தை சொன்ன சொல்லாகவே இருந்தது என்பதை நான் கேட்கவில்லை. கேட்டால் ஒன்று தெய்வ நிந்தனையாகும். அல்லது என்னை வளர்த்தவரைப் பொய்யர் என்று சொன்னதாகும். இரண்டுக்கும் எனக்குத் துணிவில்லை. இன்றுவரை அவர் நடித்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அன்பு இருக்கும் இடத்தில் இந்தச் சந்தேகம் ஒரு மீன்முள். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

பி.எட். படித்தேன். அரசுப் பள்ளியில் தமிழாசிரியை ஆனேன். ஆண்டுக்கு ஒருமுறை நோம்பியில், கிடாவெட்டுக்கும் காணாமற்போன குழந்தை பற்றிய அறிவிப்புக்கும் இடையே, கரகரக்கும் ஒலிபெருக்கியில் பாடுகிறேன். சமையலறையில் முணுமுணுத்தால்கூட என் கணவர், "சாமிகிட்டக் கேட்டாச்சா?" என்பார்.

கச்சேரியின் வரலாறு மட்டும் நிற்கவில்லை. யட்சி போய் டைனோசர் வந்தது. டைனோசர் போய் நடமாடும் பிணங்கள் வந்தன. கடைசியில் மேடையையே இடித்துவிட்டுக் குகையும் பொம்மை ரயிலும் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் பின்னணியில் ஒரே பாட்டுதான்: ஒத்திகையின்போது பதிவு செய்து வைத்திருந்த என் குரல். பெயர் எங்கும் இல்லை. என் குரலுக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது, எனக்குத்தான் கிடைக்கவில்லை.

போன விடுமுறையில் என் மகன் பிடிவாதம் பிடித்து எல்லோரையும் அங்கே அழைத்துப் போனான். அத்தைக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. ரயிலில் என் பக்கத்தில் உட்காரவைத்தோம். குகைக்குள் இருட்டு. ஒரு பொம்மைப் பிணம் எழுந்தது. என் இருபத்துமூன்று வயது பாடத் தொடங்கியது, ஒன்பது ழகரமும் பிசகாமல்.

அத்தை என் கையைப் பிடித்தார். திரும்பிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு வந்து போகும்போதெல்லாம் அவர் உதடு அசைவது தெரிந்தது. ஒரு வரிகூட மறக்கவில்லை. ஒன்றுமே நினைவில்லை என்று பதினாறு ஆண்டுகளாகச் சொன்னவர்.

ரயில் வெளிச்சத்துக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்கத்தை, வேற எடத்துல பாடறேனே. சாமி கேட்டிருந்தா?"

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாமிக்கு நாம டிக்கெட்டு எடுக்கிலியே கண்ணு."

டிக்கெட் இல்லாமல் சாமியும் உள்ளே வர முடியாது என்ற அந்தப் பழைய வாக்கியத்தை நான் ஆறுச்சாமி அண்ணனைத் தவிர ஒருவரிடமும் சொன்னதில்லை. பின்னிருக்கையில் இருந்த அப்பாவும் கணவரும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் எதைச் செய்தாலும் "சாமிக்கு டிக்கெட் எடுக்கல" என்றுதான் பெயர். நானும் சிரிக்கிறேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக.