பதவி போக வேண்டும், கவர்னருக்கு

வேலை போன செய்தியை ரேடியோவில் கேட்டே தெரிந்துகொண்ட மனிதர், இந்த ஹூஸ்டனில் எங்கள் கவர்னர் ஒருவராகத்தான் இருப்பார். மத்திய ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. பெயர் சொன்னால் அவருக்குச் சங்கடம். அங்கே ரிசர்வ் பேங்க் மாதிரி ஒன்றுக்குக் கவர்னர், ஒரு தடவை மந்திரி, கடைசியாகக் கொஞ்ச நாள் பிரதமர். அந்த ஊர் வழக்கப்படி பதவி கொடுத்தாலும் பிடுங்கினாலும் கடிதம் கிடிதம் கிடையாது. மத்தியானச் செய்தியில் வாசித்துவிடுவார்கள். பிரதமர் பதவி போனபோது மனிதர் காரில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். செய்தியைக் கேட்ட டிரைவர், வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாராம்.

அதோடு இங்கே ஹில்கிராஃப்ட் பகுதியில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்களுக்கு எதிர் அபார்ட்மென்ட். மகள் ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பியதும் எங்கள் வீட்டு இட்லிக்கு ஆஜர். அங்கே மத்தியானச் செய்தி என்றால் இங்கே காலை ஏழு மணி. கோட்டு, டை, பளபளக்கும் ஷூவோடு உட்கார்ந்து, போனில் அந்த ஊர் ரேடியோவைப் போடுவார்.

"இந்த வெயில்ல எதுக்கு அங்கிள் கோட்டு?" என்று கேட்டாள் என் மனைவி மும்தாஜ். பேசியது ஆங்கிலம்தான்; நமக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"மந்திரியாக்கினப்போ நான் குளிச்சிட்டு இருந்தேம்மா. அதுக்குள்ள கார் வந்துடுச்சு. தலையில சோப்போட பதவிப் பிரமாணம் எடுத்தேன். இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது."

செய்தியில் அவர் பெயர் வராது. டையைக் கழற்றி மடிப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பவர் குரலில் ஆரம்பிப்பார்: "சட்னி மந்திரி இன்று காலை பதவி நீக்கம் செய்யப்பட்டார். உப்புத் துறையில் ஊழல்."

சட்னி மந்திரி நான்தான். "கிவ் ஹிம் ஒன் மோர் சான்ஸ், அங்கிள்!" என்று என் பெண் சிபாரிசுக்கு வருவாள். மறுநாள் எனக்குப் பதவி திரும்பக் கிடைக்கும்.

போன வருஷம் ஒரு நாள், அவர் பெயர் வந்தேவிட்டது. நிதி மந்திரி! கையில் இட்லியோடு எழுந்து நின்றார்.

"போகாதீங்க அங்கிள், மறுபடி துரத்திடுவாங்க," என்றாள் மும்தாஜ்.

"துரத்துவாங்கதான். ஆனா கூப்பிட்டுட்டாங்களேம்மா."

மறுநாளே ஃப்ளைட். ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது ஏழு மணிக்கு அந்த ரேடியோவை நாங்கள் போடுகிறோம். பிரெஞ்சு ஒரு வார்த்தை புரியாது. அவர் பெயர் வருகிறதா என்று மட்டும் கேட்கிறோம்.

நேற்றுத் தொழுகை முடிந்து மும்தாஜ் ரொம்ப நேரம் துஆ கேட்டாள்.

"என்ன கேட்டே?" என்றேன்.

"அவருக்கு ஒரு குறையும் வரக் கூடாது, உடம்பு நல்லா இருக்கணும், பேரு நல்லா இருக்கணும். பதவி மட்டும் சீக்கிரமா போயிடணும்னு கேட்டேன்."

நானும் அதையேதான் கேட்டிருந்தேன்.