மலைமேல் தாகம் தணித்த மாமனிதர்

செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை. அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர் கடைத்தெரு மளிகை வியாபாரி சொக்கலிங்கம் ஒருவரே என்பதில் எங்கள் 'வட்டார முன்னேற்ற மன்ற'த்தில் தகராறே கிடையாது. மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் சொல்கிறேன். அறுபத்தைந்தாம் வருஷத்து மினிட் புத்தகமே சாட்சி.

அந்த வருஷம் 'தொழில் திலகம்' என்று ஒரு பட்டம் கொடுக்கத் தீர்மானித்தோம். தொழில் நடத்துகிறவருக்கு இருக்க வேண்டிய குணங்களைப் பட்டணத்திலிருந்து வந்த புத்தகம் ஒன்று சொல்லியிருந்தது: பிறர் தேவையை அறிதல், துணிவு, விடாமுயற்சி, சேவை மனப்பான்மை. சொக்கலிங்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். புத்தகம்தான் கொஞ்சம் குறைவாக இருந்தது.

தேவையை அவர் அறிந்த விதத்தைப் பாருங்கள். ஒரு சித்திரை மாதம் கோட்டையின் ராஜகிரி மலை ஏறினார். உச்சிக்கு முன்னால் இருக்கும் பாலத்தருகே நாக்கு வறண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே சிங்கவரத்து மீனம்பாள் மோர்ப்பானையோடு இருந்தாள். புருஷன் இல்லாதவள், ஆறு வருஷமாகத் தினமும் பானையைத் தலையில் சுமந்து ஏறி, மோர் விற்று, இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவள். மூன்று குவளை குடித்துவிட்டு, "இங்க வேற யாரும் கடை போடலியா?" என்று கேட்டார்.

"இம்மாந்தூரம் யாரு மொதலாளி தூக்கிக்கினு வருவாங்க?"

நாங்களும் எத்தனையோ தடவை அந்த மோரைக் குடித்திருக்கிறோம். தாகம் தீர்ந்ததே தவிர ஒரு யோசனையும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

மறுவாரமே மலையடிவாரத்தில் 'இலவச மல்லாட்டைப் பந்தல்' திறந்தார். ஏறுகிறவர்களுக்கெல்லாம் உப்பும் மிளகாய்த்தூளும் தூக்கலாகப் போட்டு வறுத்த வேர்க்கடலை, ஆளுக்கு இரண்டு கை. மேலே பாலத்தருகே அவருடைய கலர் சோடாக் கடை. ஆனால் ஜனங்கள் நன்றி கெட்டவர்கள். அவர் கடலையைத் தின்றுவிட்டு அவள் மோரைக் குடித்தார்கள். பானை பத்து மணிக்கே காலியானது. சோடாப் பெட்டி தூக்க வந்த ஆட்களோ இரண்டே நாளில் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போனார்கள்.

"ஒங்க புண்ணியத்துல நல்லா ஓடுது மொதலாளி" என்று மீனம்பாள் அவரைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அவர் மனத்தை மிகவும் புண்படுத்திவிட்டது.

மன்றத்தின் அவசரக் கூட்டம் கூடியது. 'பொதுச் சுகாதாரம் கருதி, மூடியிட்டு அடைக்காத பானம் எதுவும் மலைமேல் விற்கக் கூடாது.' மலை என்ன மன்றத்துச் சொத்தா என்று யாரும் கேட்கவில்லை. தீர்மானத்தின் தமிழ் அவ்வளவு கம்பீரம். எழுதியவன் நான். ரப்பர் ஸ்டாம்பு குத்திப் பலகையில் ஒட்டினோம். சர்க்கார் உத்தரவு என்று நம்பி மீனம்பாள் பானையைக் கவிழ்த்துவிட்டாள்.

உடனே ஆறுதல் சொல்ல வந்தவரும் சொக்கலிங்கம்தான். "இன்னாம்மா, கவலப்படாத. நம்ம சோடாவத் தூக்கு, கூலி தரேன். மலை ஏறிப் பழகுன ஒடம்பு வீணாவக் கூடாது."

சேவை மனப்பான்மை என்பது இதுதான்.

பட்டமளிப்பு விழாவைப் பாலத்தருகிலேயே வைத்தோம். மாலை போட வெளியூர்ப் பிரமுகர் ஒருவர் வந்திருந்தார். நான் புகழுரை வாசித்தேன். "பிறர் தேவையை அறிந்தவர்! துணிந்து மலை ஏறியவர்! வெயிலென்று பாராமல் வந்தவர் தாகம் தணித்தவர்!"

பிரமுகருக்கு ஊர் புதிது. சுற்றிப் பார்த்தார். டோலியில் ஏறி வந்த சொக்கலிங்கம் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தார். பக்கத்தில் மீனம்பாள் சோடாப் பெட்டியை அப்போதுதான் இறக்கிவிட்டு, வேர்த்து வழிய நின்றாள். பிரமுகர் நேராகப் போய் அவள் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்.

மன்றமே பதறி எழுந்தது. சொக்கலிங்கம் மட்டும் கலங்கவில்லை. சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"அவ நம்ம ஆளுதாங்க. கூலிக்காரி கழுத்துல வுழுந்தாலும் மாலை கம்பெனிக்குத்தான். கொண்டா இப்டி."

மீனம்பாள் மாலையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். "நீங்களே வெச்சிக்குங்க மொதலாளி. என் எடத்தக் குடுங்க, போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைத் திறந்தேன். 'மீனம்பாள் நன்றி கூற, விழா இனிதே நிறைவுற்றது' என்று மினிட் புத்தகத்தில் எழுதினேன்.

சொக்கலிங்கம் எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார், இலவசமாக. அதுவும் அவள் சுமந்து வந்ததுதான். நான் குடித்தேன்.