வழியிலதானே இருக்கு!

மனிதர்களில் ஊர்காட்டி என்று ஒரு வகை உண்டு. ரயிலடியில் ஒரு விருந்தாளி பெட்டியோடு இறங்கினால் போதும், இவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். "வீட்டுக்குத்தானே? வாங்க, போற வழியிலதான் ஏரி இருக்கு" என்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஏரி இவருக்கு வழியில்தான் இருக்கும். வீடு எதிர்த்திசையில் இருந்தாலும் இருக்கும்.

ஹனோயில் பிறந்து வளர்ந்த நான் இந்த வகையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் அண்ணன் கியெம்மைப் போல முற்றிய ஒன்றைக் கண்டதில்லை. ஏரிக்கரைக்கு வந்தால், அந்தக் காலத்து அரசன் தெய்வ வாளை ஏரி ஆமையிடம் திருப்பிக் கொடுத்தபோது அது எந்தப் பக்கமாகத் தலையை நீட்டியது என்பதைப் படகில் கூடவே இருந்தவர்போலக் கையை நீட்டிக் காட்டுவார். இலக்கியக் கோயிலுக்கு வந்தால், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் தடவித் தடவியே கல் ஆமைகளின் தலை வழுவழுத்துப் போனதைச் சொல்லித் தன் தலையையும் ஒருமுறை தடவிக்கொள்வார். இரும்பில் எதைப் பார்த்தாலும், அது பாலமோ பழைய வாசற்கதவோ, "பாரிஸ் கோபுரம் கட்டினாரே ஈபிள், அவரு கட்டினது" என்று அடித்துச் சொல்வார். டிக்கெட் வாங்கி எதற்குள்ளாவது போயிருக்கிறாரா? ஒருநாளும் இல்லை. "வெளியே நின்னு பார்த்தாத்தான் அழகு!"

வேடிக்கைதான். நம் வீட்டுக் கல்யாணம் இவர் கையில் சிக்காத வரையில்.

சிக்கியது. என் தங்கை லுவாவின் மகள் தியெப்பைக் கேட்டு, வின் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வந்தார்கள். மாப்பிள்ளை துங், அவன் அப்பா, அம்மா, சிவப்புத் துணி போர்த்திய வெற்றிலை பாக்குத் தட்டு. அந்தத் தட்டு நல்ல நேரத்துக்குள் பெண் வீட்டார் கைக்கு வர வேண்டும். அன்றைக்கு நல்ல நேரம் காலை பதினொரு மணியோடு சரி. மாப்பிள்ளையின் அம்மா ஹியென் போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்: "நேரம் தப்பினா அப்படியே ரயிலேறிடுவோம். மூத்தவளுக்கு நேரம் பார்க்காம செஞ்சு நாங்க பட்டது போதும்." தியெப் அந்தப் பையனை மூன்று வருஷமாக மனதில் வைத்திருப்பவள். விடியற்காலையில் எழுந்து வாசலை இரண்டு தடவை கூட்டினாள்.

ரயிலடியிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிஷம். லுவாவின் கணவர் கப்பலில். அழைத்துவர யார் போவது? மூத்தவர் என்ற முறையில் அண்ணன் போனார். ரயில் வந்தது எட்டு மணிக்கு.

ஒன்பதரைக்கு நான் போன் போட்டேன்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"வழியிலதான்டா இருக்கோம்!"

பின்னால் மாதாகோயில் மணி கேட்டது. எங்கள் வீட்டு வழியில் மாதாகோயில் கிடையாது.

பத்து மணிக்கு லுவா பூஜைமாடத்தில் இரண்டாவது ஊதுபத்தியை ஏற்றிவிட்டு, என்னைப் பார்த்த பார்வையில் நான் ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன். ஏரிக்கரை டீக்கடைக்காரி சிரித்தாள். "ஆமைக் கதை சொல்றவரா? பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாரே. வழியிலதானே இருக்குன்னாரு."

லாங் பியென் பாலத்தின் நடுவில் பிடித்தேன். கீழே சிவப்பாக ஆறு, மேலே காற்று. ஹியென் அம்மா ஒரு கையால் தொப்பியையும் ஒரு கையால் தட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் இரும்பைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஈபிள்!"

"தகட்டுல வேற யாரோ பேரு போட்டிருக்கே சம்பந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அதுவா? அது தகடு செஞ்சவன் பேரு!"

"மாமா, மணி பத்தே முக்கால்" என்றான் துங். அழாத குறை.

பாலத்துக்கு டாக்சி வராது. போகிற வருகிற ஸ்கூட்டர்களைக் கையைக் காட்டி நிறுத்தி, ஆளுக்கொன்றில் ஏற்றினேன். ஹியென் அம்மாவும் தட்டும் என் பின்னால். பறந்தோம்! முட்டைக்காரிக்கு வளைந்தோம், கோழிக் கூடைக்கு ஒதுங்கினோம், யாரோ எங்களை வைதார்கள். எதிரே பழைய கோட்டை வாசல். அதைத் தாண்டினால் எங்கள் தெரு. எனக்கு உயிர் வந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

கத்தியது அண்ணன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. என் பின்னால் இருந்த ஹியென் அம்மா.

"எவ்வளவு அழகான வாசல்! ஒரே ஒரு போட்டோ. வழியிலதானே இருக்கு!"

தொற்றிவிட்டது ஐயா, தொற்றிவிட்டது! பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் சம்பந்தியம்மா வாசலின் கீழ் நின்று தொப்பியைச் சரிசெய்கிறார். அண்ணன், "கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்க, கல்வெட்டு மறையுது" என்கிறார். துங்தான் போனை எடுத்துத் தியெப்பைக் கூப்பிட்டான்.

"தியெப், நாங்க கோட்டை வாசல்ல மாட்டிக்கிட்டோம். நீ உங்கம்மாவைக் கூட்டிட்டு ஓடி வந்துடு!"

தெருக்கோடிதானே. புதுப் பட்டு உடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி தியெப் ஓடி வந்தாள், பின்னால் கையில் அகப்பையோடு லுவா. அந்த அகப்பை அண்ணனுக்காக என்று எனக்கு இன்றும் சந்தேகம். ஆனால் துங் தன் அம்மாவின் கையோடு சேர்த்துத் தட்டை நீட்டிவிட்டான். லுவா அகப்பையை என்னிடம் எறிந்துவிட்டு வாங்கிக்கொண்டாள். நான் மணி பார்த்தேன். ஒரு நிமிஷம் பாக்கி! இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள் நின்று ஹாரன் அடித்துத் தீர்த்தன. தியெப் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

அந்தக் கூட்டத்தில் நின்ற வெளியூர் ஜோடி ஒன்று அண்ணனிடம் கேட்டது: "இங்க என்னங்க விசேஷம்?"

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "முந்நூறு வருஷத்து வழக்கம்! ஹனோயில சம்பந்தத் தட்டை இந்த வாசல்லதான் மாத்திக்கணும். அரசர் உத்தரவு."

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். இரண்டு குடும்பங்கள் சிவப்புத் தட்டோடு வரிசையில் நின்றன.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிமெண்டே இல்லாமல் முட்டையும் கருப்பட்டியும் கலந்து கட்டியதாகச் சொல்லும் ஒரு பாலம் உங்கள் ஊரிலும் இருக்குமே? பசியோடு வந்திறங்கிய விருந்தாளியை, அந்தப் பாலத்தைக் காட்டாமல் என்றைக்காவது நேரே வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்களா?